காலை ஏழு மணி அறையில் யார் பக்கம் கை தூக்குகிறார்?

2017 நவம்பர் 7. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் அன்று குளிரும் மழையும். எங்கள் வாக்குச்சாவடி ஒரு தொடக்கப்பள்ளி. அதன் வாசலிலிருந்து நாற்பது அடிக்குள் நின்று யாரும் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்த எல்லைக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு மாதிரி வாக்குச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த எங்கள் தெருத் தம்பி ஒருவர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். "என்னக்கா இது, தேர்தல்தான் போன வருஷமே முடிஞ்சுபோச்சே?"

குடியுரிமை வாங்கியவர், ஓட்டுரிமை உள்ளவர். ஆனால் அன்று மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு ஆறு மாதம் முன்புவரை எனக்கும் தெரியாது.

வர்ஜீனியாவில் மாநிலத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டுகளில் வரும். ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ் என்னும் கீழவைக்கு 100 இடம், இரண்டாண்டுக்கு ஒரு முறை. மேலவைக்கு 40 இடம், நான்காண்டுக்கு ஒரு முறை. அதிபர் தேர்தலின் ஆரவாரம் அடங்கிய பிறகு வருவதால் பலரும் கவனிப்பதே இல்லை. ஆனால் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, ஏழைகளுக்கு மருத்துவக் காப்பீடு உண்டா, வாடகை பாக்கி வைத்தவரை எத்தனை நாளில் வெளியேற்றலாம், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை எப்படிச் சோதிப்பது, மின்கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது எல்லாம் முடிவாவது மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் இருக்கும் இந்தச் சட்டமன்றத்தில்தான்.

எனக்கு இது உறைத்தது அந்த ஆண்டு செப்டம்பரில், ஓட்டுக் கேட்டுக் கதவு தட்டப் போனபோது. கைபேசியில் மினிவேன் என்ற செயலி. அதில் வீட்டு எண்ணும் வாக்காளர் பெயரும் இருக்கும். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் கதவைத் திறந்தார். நான் மனப்பாடம் செய்து வைத்ததைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "இன்சுலின் வாங்க எனக்கு ஒரு வழி சொல்லுங்கள், அப்புறம் ஓட்டைப் பற்றிப் பேசலாம்" என்றார். இரண்டு இடங்களில் பகுதிநேர வேலை. இரண்டு முதலாளிகளும் காப்பீடு தரவில்லை. அரசின் காப்பீட்டுச் சந்தையில் மானியத்தோடு காப்பீடு வாங்க அவருடைய வருமானம் போதாது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்ட்டும் கிடையாது, ஏனென்றால் அவருக்குச் சின்னக் குழந்தைகள் இல்லை, ஊனமும் இல்லை. அன்றைய வர்ஜீனியா விதிப்படி அப்படிப்பட்டவருக்கு வருமானமே இல்லாவிட்டாலும் மெடிக்கெய்ட் கிடையாது.

ஒபாமா கொண்டுவந்த சட்டத்தின்படி மெடிக்கெய்ட்டை விரிவாக்கச் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசே தரத் தயாராக இருந்தது. வர்ஜீனியாவில் கீழவை அதை ஆண்டுக்கணக்கில் மறுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பெண்ணின் இன்சுலின் நின்றுபோனதற்குக் காரணம் வாஷிங்டனில் இல்லை, ரிச்மண்டில் இருந்தது. அன்று இரவு வீட்டுக்கு வந்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

அந்தத் தேர்தலில் கீழவையில் 66-34 என்று இருந்த குடியரசுக் கட்சியின் பலம் 51-49 ஆகச் சுருங்கியது. அந்த 51ஆவது இடம் எப்படி முடிவானது என்பதை எங்கள் பகுதியில் இன்றும் கதையாகச் சொல்வார்கள். நியூபோர்ட் நியூஸ் ஊரின் 94ஆவது தொகுதியில் மறு எண்ணிக்கைக்குப் பிறகு ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ் ஒரே ஓட்டில் முன்னிலை. மறுநாள் நீதிபதிகள் ஒரு சர்ச்சைக்குரிய வாக்குச்சீட்டை எதிர்வேட்பாளர் டேவிட் யான்சிக்குச் சேர்த்தார்கள். ஆளுக்கு 11,608 ஓட்டு. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் பழைய ஃபிலிம் டப்பாக்களில் போட்டு, ஒரு கிண்ணத்திலிருந்து குலுக்கி எடுத்தார்கள். யான்சியின் பெயர் வந்தது. குடவோலையைப் பாடப்புத்தகத்தில் படித்த நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல. ஆனால் அத்தனை லட்சம் மக்களின் சுகதுக்கம் ஒரு கிண்ணத்துக்குள் கிடந்ததை நேரலையில் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது.

ஆனாலும் ஆட்கள் மாறியதும் அவையின் மனம் மாறியது. 2018 மே மாத இறுதியில் மெடிக்கெய்ட் விரிவாக்கம் நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் சிலரும் ஆதரித்தார்கள். ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு வழி பிறக்கும் என்று அப்போது கணக்கிட்டார்கள். 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. கதவைத் திறந்த அந்தப் பெண்ணை நான் மறுபடி பார்க்கவில்லை. அவர் விண்ணப்பித்திருப்பார் என்றே நம்புகிறேன்.

சரி, இனி நான் தவறிய இடத்துக்கு வருகிறேன்.

ஊரில் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை அறிவிக்கும். நாம் சின்னத்தைப் பார்த்துப் போடுவோம். இங்கே பெரும்பாலும் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதற்கே ஒரு தேர்தல் உண்டு. அதுதான் ஜூன் மாதத்தில் வரும் பிரைமரி. வர்ஜீனியாவில் வாக்காளர் பட்டியலில் கட்சியைப் பதிவு செய்யும் வழக்கம் இல்லாததால், யாரும் போய் ஏதாவது ஒரு கட்சியின் சீட்டைக் கேட்டு வாங்கி ஓட்டுப் போடலாம். வருகிறவர்கள் மிகக் குறைவு. நம் தெருவில் பத்து வீட்டைக் கூட்டிக்கொண்டு போனால் அது கணக்கில் தெரியும்.

அப்படி ஒரு பிரைமரியில் நான் ஒருவருக்காக நாயாய் உழைத்தேன். எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்பது இங்கே முக்கியமில்லை. அவர் எங்கள் பொங்கல் விழாவுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "வணக்கம்" என்று தமிழில் சொன்னார். குழந்தைகளின் கோலத்தைக் குனிந்து நின்று பார்த்தார். மேடையில் வீட்டு வாடகையைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அது நியாயமான கவலை. 2018இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாட்டிலேயே வாடகைக்காரர்களை அதிகம் வெளியேற்றும் பெரிய நகரங்கள் பத்தில் ஐந்து வர்ஜீனியாவில்தான் என்று கண்டார்கள். ரிச்மண்டுக்கு இரண்டாம் இடம். அவர் அந்த விவரத்தைத் தவறாமல் சொல்வார். துண்டறிக்கையில் பெரிய எழுத்தில் முற்போக்கு என்று போட்டிருந்தார். நம்மை மதிக்கிறார், நல்ல மனிதர், போதும் என்று நினைத்தேன். இருபது வீடுகளில், இவருக்கு நான் உத்தரவாதம் என்று சொல்லி ஓட்டு வாங்கித் தந்தேன்.

வென்றார். முதல் கூட்டத்தொடரிலேயே, வாடகைக்காரருக்குக் கூடுதல் அவகாசம் தரும் ஒரு மசோதா துணைக்குழுவுக்கு வந்தது. அதை ஒத்திப்போட ஓட்டுப் போட்டவர்களில் அவரும் ஒருவர். மசோதா அங்கேயே முடிந்தது.

ஒரு வாரம் கழித்து அவருடைய நன்கொடைப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். மேலேயிருந்து முதல் ஐந்து பெயர்களில் மூன்று, வீடு கட்டி விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும். அந்தப் பட்டியல் பிரைமரிக்கு முன்பே பொதுவில் இருந்தது. பார்க்காதது என் தவறு. அந்த இருபது வீட்டில் வாடகைக்கு இருந்த ஒரு குடும்பத்திடம் இதைப் போய்ச் சொன்ன நாளை இன்னும் மறக்க முடியவில்லை. "நீங்க சொன்னீங்கன்னுதான் போட்டோம்க்கா" என்றார் அந்தத் தங்கை. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் முதலில் பார்ப்பது பணம். வர்ஜீனியாவில் மாநில வேட்பாளருக்கு யார் எவ்வளவு தரலாம் என்பதற்கு உச்சவரம்பே கிடையாது. ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். வர்ஜீனியா பப்ளிக் அக்சஸ் புராஜெக்ட் என்ற சார்பற்ற அமைப்பு அந்தக் கணக்கையெல்லாம் யாருக்கும் புரியும்படி தன் தளத்தில் போடுகிறது. வேட்பாளர் பெயரைத் தட்டினால் எந்தத் துறையிலிருந்து எவ்வளவு என்று வந்துவிடும். மொத்தத் தொகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேர்தலுக்குச் செலவு ஆகத்தான் செய்யும். முதல் பத்துப் பெயர்கள் யார், அவர் போகப் போகும் குழுவின் முன் யாருடைய மசோதா வரும், இந்த இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறேன். டொமினியன் எனர்ஜி மின்நிறுவனம் இம்மாநில அரசியலுக்கு நன்கொடை தருவதில் முன்னணியில் இருப்பது. அதன் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை எழுதுவதும் இதே சட்டமன்றம். 2017இல் அந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்று உறுதி கொடுத்து நின்றவர்களில் பலர் வென்றார்கள். அந்த வகை உறுதி ஒன்றைக் கேட்டு, எழுத்தில் வாங்குவது நல்லது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கீழவை உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் 17,640 டாலர். அதை வைத்து வடக்கு வர்ஜீனியாவில் குடும்பம் நடத்த முடியாது. கூட்டத்தொடரும் ஆண்டுக்கு இரண்டு மாதம் போல்தான். ஆகவே எல்லோருக்கும் வேறொரு தொழில் இருக்கும். அது என்ன தொழில், வாடிக்கையாளர் யார் என்று கேட்பதில் தப்பே இல்லை. செவிலியரும் பள்ளி ஆசிரியரும் இந்தச் சம்பளத்தில் போட்டியிட முன்வந்தால், அவர்களுக்கு நம் சிறு தொகை எவ்வளவு பெரிய உதவி என்பதும் அப்போது புரியும். பிரைமரிக்கு முன் கொடுக்கும் ஐம்பது டாலரின் மதிப்பு நவம்பரில் கொடுக்கும் ஐந்நூறுக்கு வராது.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் என்றால் துணைக்குழு ஓட்டுதான் உரைகல். பெரிய அவையில் ஓட்டெடுப்புக்கு வரும் மசோதாக்கள் பெரும்பாலும் முடிவு தெரிந்தவை. சிக்கலான மசோதா எட்டுப் பத்துப் பேர் உட்காரும் துணைக்குழுவிலேயே மடிந்துவிடும். சில துணைக்குழுக்கள் காலை ஏழு மணிக்கே கூடும். மக்கள் அந்த நேரத்தில் ரிச்மண்டுக்குப் போய்ச் சேர, எங்கள் பக்கத்திலிருந்து நாலரைக்குக் கிளம்ப வேண்டும். இப்போது நேரலை இருக்கிறது. மாநிலத்தின் சட்டத் தகவல் தளத்தில் மசோதா எண்ணைப் போட்டால் யார் எந்தப் பக்கம் என்று வரும். 'மேசையில் வைக்கப்பட்டது', 'காலவரையின்றிக் கடத்தப்பட்டது' என்று இருந்தால், அதற்கு மசோதாவைக் கொன்றுவிட்டார்கள் என்று அர்த்தம். நம் உறுப்பினர் அந்த அறையில் என்ன செய்தார் என்பதை ஆண்டுக்கு ஐந்து மசோதாவுக்குப் பார்த்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

புதியவர் என்றால் அவருக்கு அப்படிப் பதிவு எதுவும் இருக்காது. அவரிடம் நான் ஒரே கேள்வியைப் பல விதமாகக் கேட்கிறேன். இங்கே மசோதாவை முன்மொழிபவரை பேட்ரன் என்பார்கள். "நீங்கள் பேட்ரனாக இருந்து கொண்டுவரப்போகும் முதல் மசோதா எது? அது எந்தக் குழுவுக்குப் போகும்? அங்கே அதை எதிர்க்கப்போவது யார்?" மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை உற்றுக் கேளுங்கள். எதிர்ப்பவர் பெயரைச் சொல்லத் தயங்குகிறவர், அவர்களை எதிர்த்து ஓட்டுப் போடவும் தயங்குவார். இது என் அனுபவத்தில் இதுவரை பொய்க்கவில்லை.

முற்போக்கு என்றால் மேடையில் கனல் பறக்கப் பேச வேண்டும் என்றும் இல்லை. 2017இல் மனாசஸ் பகுதியில் டேனிகா ரோம், 1992 முதல் அந்த இடத்தில் இருந்த பாப் மார்ஷலைத் தோற்கடித்தார். மார்ஷல் அதே ஆண்டு, அரசுக் கட்டடங்களில் திருநர்கள் எந்தக் கழிப்பறைக்குப் போகலாம் என்று கட்டுப்படுத்தும் மசோதாவைக் கொண்டுவந்தவர். ரோம் ஒரு திருநங்கை. தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே, ஊர் முழுக்கப் பேசியது 28ஆம் எண் சாலையின் நெரிசலைப் பற்றி. அந்தச் சாலையில் நானும் தினமும் நின்றிருக்கிறேன். மக்கள் தினமும் படும் பாட்டைத் தெரிந்து வைத்திருப்பவர், தன் கொள்கையையும் மறைக்காதவர். அந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

எந்தத் தொகுதியில் நிற்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு கட்சிக்கு எப்போதும் வெற்றி என்று இருக்கும் தொகுதியில் பிரைமரிதான் உண்மையான தேர்தல். அங்கே சமரசம் தேவையில்லை. நம் மனசுக்கு மிக நெருக்கமானவருக்கே உழைக்கலாம். இழுபறித் தொகுதி வேறு. நியூபோர்ட் நியூஸ் போல ஒற்றை ஓட்டில் ஊசலாடும் இடத்தில், கொள்கையில் எல்லாம் சரியாக இருந்து ஊர் மக்களிடம் பேசத் தெரியாதவரை நிறுத்தினால், இழப்பது நாம் மட்டுமல்ல, இன்சுலினுக்குக் காத்திருப்பவரும்தான். சைமண்ட்ஸ் 2019இல் மறுபடி நின்று வென்றார். தோற்ற நல்ல வேட்பாளரைக் கைவிடாமல் இருந்தது அந்த ஊர்க்காரர்களின் பெருமை.

2019 ஜூலை 9 எனக்கு மறக்காது. வர்ஜீனியா பீச்சில் மே 31 அன்று 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கிச் சட்டங்களுக்காகச் சிறப்புக் கூட்டம் கூட்டினார்கள். நானும் பேருந்தில் ரிச்மண்ட் போயிருந்தேன். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில், ஒரு மசோதாவையும் ஓட்டெடுப்புக்கு விடாமல் ஒத்திவைத்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பேருந்தில் யாரும் பேசவில்லை. அந்த நவம்பரில் கீழவை 55-45, மேலவை 21-19 என்று ஜனநாயகக் கட்சியின் கைக்கு மாறின. ரிச்மண்ட் புறநகரில், ஹைதராபாத்தில் பிறந்த கசாலா ஹாஷ்மி மேலவைக்கு வென்றார். 2020இல் எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் வாங்குபவரின் பின்னணிச் சோதனை சட்டமானது. காரணம் சொல்லாமலே 45 நாள் முன்கூட்டி ஓட்டுப் போடும் வசதி வந்தது. தேர்தல் நாள் மாநில விடுமுறை ஆனது. மரண தண்டனையை 2021 மார்ச்சில் ஒழித்தார்கள், தென்மாநிலங்களில் முதலாவதாக.

நம்மவர்களைத் தொட்ட ஒன்றும் அதே 2021இல் நடந்தது. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர் மெடிக்கெய்ட் பெற, மத்திய அரசின் ஐந்தாண்டுக் காத்திருப்பு போதாதென்று, பத்தாண்டு வேலைக் கணக்கையும் வர்ஜீனியா கேட்டது. பிள்ளைகளோடு வந்து குடியேறிய பெற்றோர் எந்தக் காலத்தில் பத்தாண்டு வேலை பார்ப்பது? அந்த விதியை அந்த ஏப்ரலில் எடுத்தார்கள். இதைப் பற்றி ஒரு தொலைக்காட்சியிலும் விவாதம் நடந்து நான் பார்க்கவில்லை.

வென்றதும் எல்லாம் கிடைத்துவிடவில்லை. 2018இன் மெடிக்கெய்ட் சட்டத்தில், பயனாளிகள் வேலை செய்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் ஒட்டி வந்தது. பின்னால் அது நடைமுறைக்கு வராமலே போனது. 2020இன் கூலிச் சட்டம் 7.25 டாலரைப் படிப்படியாக ஏற்றி 2023இல் 12 ஆக்கியது. நாங்கள் கேட்டது 15. வீட்டுவேலை செய்பவர்களை அதில் சேர்த்தார்கள், பண்ணைத் தொழிலாளர்களை வெளியே விட்டார்கள். நான் பிறந்தது விருதுநகர் பக்கம். என் அம்மாச்சி கடலைக் காட்டில் கூலிக்குக் களை எடுத்தவர். 'பண்ணைத் தொழிலாளர் நீங்கலாக' என்ற வரியை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடியவில்லை.

ஆனாலும் அந்தச் சட்டத்துக்கு ஓட்டுப் போட்டவர்களை நான் ஒதுக்கவில்லை. அரைக் கிணறு தாண்டிய சட்டம் என்று தெரிந்தே ஓட்டுப் போட்டவருக்கும், அந்த வரியை எழுதச் சொன்னவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே வரியை நீக்க யார் மசோதா கொண்டுவருகிறார், யார் கையெழுத்துப் போடுகிறார் என்று பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

2023இல் புதிய தொகுதி வரைபடத்தின்படி 140 இடங்களுக்கும் தேர்தல் வந்தது. எங்கள் பிரைமரிக்கு நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து என் மூன்று கேள்விகளையும் கேட்டேன். ஒரு பெண் மட்டும் பண்ணைத் தொழிலாளர் விதிவிலக்கைத் தானாகவே சொன்னார். அதை எதிர்ப்பவர்களையும் பெயர் சொல்லிச் சொன்னார். அவருக்காக வேலை செய்தேன். தபால்பெட்டியில் நோட்டீஸ் போடக் கூடாது என்பதால் கதவிடுக்கில் செருகிச் செருகி விரல் வீங்கியது. அவர் தோற்றார்.

தோற்ற வாரம் முழுக்க எனக்கு எதிலும் ஒட்டவில்லை. அப்புறம் வென்றவரின் அலுவலகத்துக்குப் போய், நான் உங்களுக்கு எதிராக வேலை செய்தவள், நவம்பர் வரைக்கும் உங்களுக்காகக் கதவு தட்டுகிறேன், அந்த ஒரு மசோதாவில் மட்டும் உங்கள் நிலை என்ன என்று எழுதித் தாருங்கள் என்றேன். சற்று யோசித்துவிட்டு எழுதித் தந்தார். அந்த நவம்பரில் கீழவை மீண்டும் 51-49, இம்முறை ஜனநாயகக் கட்சியின் பக்கம். ஒவ்வொரு இடமும் கணக்கில் இருந்தது.

2024 கூட்டத்தொடரில் அந்த விதிவிலக்கை நீக்கும் மசோதா இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. எங்கள் உறுப்பினர் எழுதித் தந்தபடியே ஓட்டுப் போட்டிருந்தார். துணைக்குழு நேரலையைப் பார்த்தபோது விடிந்தும் விடியாத நேரம், காபி ஆறிப்போயிருந்தது. வசந்த காலத்தில் ஆளுநர் அதை வீட்டோ செய்தார். இங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதலமைச்சர் மாதிரி. அந்தத் தேர்தலுக்கும் பிரைமரி வருவதுண்டு. மசோதா எண் 157. குளிர்சாதனப்பெட்டிக் கதவில் காந்தத்தின் கீழ் எழுதி வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்து கதவைத் தட்டும் வேட்பாளரிடம் காட்டுவதற்கு.